ரோபோவா, துளையா, மாமா?

இந்த வாரம் அரியர் புலம்பல், கேன்டீன் கலாட்டா எல்லாத்துக்கும் லீவு. கொஞ்சம் சீரியஸ் மேட்டர். முகம் சுளிக்காம படிங்க, ப்ளீஸ்!

எங்க ஊர் வேங்கிக்கால். வேலூர் ரோடு வழியா திருவண்ணாமலைக்கு வந்திருந்தா, கலெக்டர் ஆபீஸைப் பார்த்திருப்பீங்களே... அதேதான். அங்கே எங்க மாமாவுக்கு ஒரு மனை இருக்கு. போன மாசம் அவருக்கு மலக்குடல்ல கேன்சர்னு ரிப்போர்ட் வந்துச்சு. வயித்தைத் திறந்து ஆபரேஷனா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவான்னு வீட்டுல ஒரே பட்டிமன்றம். ரோபோன்னா மனையை விக்கணும்.

‘‘ஏன்டா, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கறே... ரோபோன்னா டாக்டர் இல்லாம மெஷினே அறுக்குமா?’’ன்னு மாமா கேட்டார். திருதிருன்னு முழிச்சேன். அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன்.

மலக்குடல் இருக்கறது இடுப்பெலும்புக்கு நடுவுல, ரொம்பக் குறுகலான இடத்துல. கட்டியை மட்டும் வெட்டினா போதாது. அதைச் சுத்தியிருக்கற கொழுப்பு உறையையும் கிழியாம எடுக்கணும். நோய் பரவற நிணநீர் முடிச்சுகள் அதுக்குள்ளேதான் இருக்கு. 1982-ல் இதை அழுத்திச் சொன்னவர் இங்கிலாந்து சர்ஜன் பில் ஹீல்ட். அவர் செஞ்சது வயித்தைத் திறந்துதான். பின்னாடி வந்த எல்லா முறைக்கும் அதுதான் பரீட்சை: உறை முழுசா வந்துச்சா?

லேப்ராஸ்கோப்பின்னா நாலஞ்சு சின்னத் துளை, ஒரு கேமரா, நீளமான நேர்க் கருவிகள். நம்ம கோவை டாக்டர் சி.பழனிவேலு 1990-களிலேயே தென்னிந்தியாவுல இதைப் பரப்பினவர். ஆனா, இது நெம்புகோல் கணக்கு. கையை இடப்பக்கம் அசைச்சா, உள்ளே முனை வலப்பக்கம் போகும்!

ரோபோவுலயும் துளைகள்தான். ஆனா, கருவி முனை மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிடும். அறுக்கறது என்னவோ பக்கத்துல உட்கார்ந்து கைப்பிடியை இயக்குற டாக்டர்தான். 2022-லேயே சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கும் ரோபோ வந்தாச்சு.

சரி, எது பெஸ்ட்? 2015-ல் வந்த ‘கலர்-2’ ஆய்வுல 1,044 பேர். மூணு வருஷத்துல அதே இடத்துல நோய் திரும்பினது, திறந்து செஞ்சாலும் துளை போட்டாலும் 5 சதவிகிதம்தான். அதே வருஷம் அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் நடந்த ரெண்டு ஆய்வுகள், ‘உறையை எடுக்கறதுல துளை முறை சளைச்சதில்லைன்னு நிரூபிக்க முடியலை’ன்னு கையை விரிச்சுது. 2017-ல் 471 பேரை வெச்சு நடந்த ‘ரோலார்’ ஆய்வுல, பாதியில வயித்தைத் திறக்க வேண்டி வந்தது ரோபோவுல 8.1, லேப்ராஸ்கோப்பியில 12.2 சதவிகிதம். புள்ளியியல் கணக்குல அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா 2025-ல் சீனாவுலேருந்து வந்த ‘ரியல்’ ஆய்வுல நோய் திரும்பினது ரோபோவுல 1.6, லேப்ராஸ்கோப்பியில 4 சதவிகிதம். ஒரு விஷயம், அதுல ஆபரேஷன் செஞ்சவங்க எல்லாம் கை தேர்ந்தவங்க!

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்: மெஷின் உதவும், ஆனா அதைப் பிடிக்கற கைதான் முக்கியம். அதனால மாமாவுக்கு மூணு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ‘இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கீங்க சார்? முதல்ல ரேடியேஷன் வேணுமா? மலம் போக வயித்துல பை வைக்க வேண்டி வருமா?’

டாக்டர் கோபப்படலை. பொறுமையா பதில் சொன்னார். லேப்ராஸ்கோப்பி அவருக்குப் பல வருஷப் பழக்கம். அதுலயே பண்றதா முடிவாச்சு. மனை தப்பிச்சுது.

ஆனா மனசுல உறுத்தறது வேற. மலத்துல ரத்தம் வந்ததை மாமா எட்டு மாசமா மூலம்னு நினைச்சு மறைச்சிருக்கார். ‘‘யார்கிட்டடா சொல்றது, வெக்கமா இருந்துச்சு’’ன்னார். அந்த எட்டு மாசத்தை எந்த ரோபோவும் திருப்பித் தராது.

இன்னிக்கு ஹாஸ்டல்லேருந்து வீட்டுக்கு போன் பண்ணும்போது, ‘சாப்பிட்டாச்சா?’வோட நிறுத்தாதீங்க. ‘அப்பா, உடம்புக்கு எதையாவது மறைக்கறீங்களா?’ன்னும் கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!