காத்திருத்தல் வேறு, தாமதித்தல் வேறு

கடுமையான கொரோனா தொற்றிலிருந்து மீண்டவர்களின் குடும்பத்தினர் என்னிடம் இரண்டு வேண்டுகோள்களில் ஒன்றை முன்வைப்பது வழக்கம். "நுரையீரலில் தழும்பு இருக்கிறதாம், அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிடுங்கள்" என்பது ஒன்று. "பிழைத்து வந்ததே பெரிது, இனிக் கத்தி வேண்டாம், இப்படியே இருந்துவிடட்டும்" என்பது மற்றொன்று. முன்னது அவசரத்தில் பிறப்பது. பின்னது அச்சத்தில் பிறப்பது. நெஞ்சக அறுவை சிகிச்சை மருத்துவன் என்ற முறையில் இரண்டையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் இரண்டுமே தவறான இடத்தில் போய் முடியக்கூடும். பெரும்பாலோருக்குக் காத்திருத்தலே சிகிச்சை. சிலருக்கோ தாமதமே ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பில் மருத்துவருக்கு உள்ள பங்கு உங்களுக்கும் உண்டு என்பதே என் கருத்து.

முதலில், ஏன் காத்திருக்க வேண்டும்? கொரோனா நிமோனியா இரு நுரையீரல்களிலும் பரவலான அழற்சியை உண்டாக்குகிறது. வீடு திரும்பும்போது எடுக்கும் சி.டி. ஸ்கேனில் வெண்திட்டுகள் காணப்படுவது இயல்பே. அவற்றில் பெரும்பகுதி நிலையான தழும்பு அன்று. உடல் அதனை மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்கிறது. எஞ்சும் தழும்பும் ஓரிடத்தில் திரண்டிராமல் நுரையீரல் முழுவதும் இழையோடிக் கிடப்பதால், அதனை வெட்டி எடுக்க வழியில்லை. இத்தகையவர்களுக்குத் தேவைப்படுவன மூச்சுப் பயிற்சி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் நடை, தேவையானால் வீட்டில் ஆக்சிஜன், ஏறத்தாழ 3 மாதங்கள் கழித்து ஒரு மறுபரிசோதனை ஆகியவையே. அவர்களுக்கு நான் செய்யும் உதவி, கத்தியை எடுக்காமல் இருப்பதுதான்.

ஆயினும் எல்லா மூச்சுத்திணறலும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. என்னை இன்றும் வருத்தும் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒருவர் மூன்று வாரங்கள் செயற்கை சுவாசக் கருவியில் இருந்து மீண்டார். வீட்டிற்கு நடந்தே சென்றார். சில வாரங்களில் மூச்சை இழுக்கும்போது கழுத்தில் ஓர் ஓசை எழத் தொடங்கியது. "கொரோனா பலவீனம், போகப்போகச் சரியாகிவிடும்" என்றனர் வீட்டார். ஆஸ்துமா என்று கருதி இன்ஹேலரும் தரப்பட்டது. எங்களிடம் வந்தபோது அவரால் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல முடியவில்லை. நோய் நுரையீரலில் இல்லை, மூச்சுக்குழாயில் இருந்தது.

சுவாசக் கருவிக்காகத் தொண்டை வழியே செலுத்தப்படும் குழாயின் நுனியருகே காற்றடைத்த சிறு பலூன் ஒன்று உண்டு. அது நெடுநாள் அழுத்துமிடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து புண் உண்டாகலாம். அப்புண் ஆறும்போது தழும்பு சுருங்கி மூச்சுக்குழாயை நெரிக்கிறது. குழாயை அகற்றிய சில வாரங்களிலோ மாதங்களிலோ இது வெளிப்படுகிறது. அகநோக்கிக் கருவி வழியே சுருக்கத்தை விரிவாக்குவதுண்டு. அது போதாதபோது சுருங்கிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைக்கிறோம். அந்த நோயாளி நலமடைந்தார். ஆனால் அந்த ஓசை தொடங்கிய வாரத்திலேயே வந்திருந்தால், மூச்சுக்காகப் போராடிய அத்தனை இரவுகள் அவருக்கு நேர்ந்திரா.

நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் சீழ் கட்டுவதும் இத்தகையதே. தொடக்கத்தில் அது நீர்மமாக இருக்கும். விலா எலும்புகளுக்கிடையே ஒரு குழாய் செருகி வெளியேற்றிவிடலாம். வாரங்கள் கடந்தால் சீழ் இறுகி, நுரையீரலின்மேல் தடித்த தோல்போலப் படிந்துவிடும். உள்ளே நுரையீரல் விரிய முடியாமல் சிறைப்படும். பிறகு அந்தத் தோலை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சை தேவையாகிறது. முன்னரே வந்தால் சிறு துளைகள் வழியே முடிவது, பின்னர் மார்பைத் திறந்து செய்ய வேண்டியதாகிறது. வெடிப்பு விழுந்த நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்புக்குள் தேங்குவதும் உண்டு. திடீரென ஒரு பக்கம் வலியும் மூச்சடைப்பும் தோன்றினால் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம், நாள்கணக்கில் அன்று.

2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மூக்கையும் கண்ணையும் தாக்குவதாகவே பலர் அதனை அறிவர்; நுரையீரலையும் அது தாக்கும். கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து மிகுதி. பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைத்துத் திசுவை அழிப்பதால், மருந்து அங்கே சென்று சேர்வதே கடினம். எனவே ஒரு பகுதியில் மட்டும் நோய் நிற்குமாயின், ஆம்போடெரிசின் மருந்துடன் அப்பகுதியை அகற்றவும் வேண்டியிருக்கிறது. சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது.

இறுதியாக, நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை. 2020 பிப்ரவரி 29 அன்று சீனாவின் வூசி நகரிலும், ஜூன் மாதத்தில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையிலும், ஆகஸ்டில் சென்னையிலும் கொரோனாவால் அழிந்த நுரையீரல்கள் மாற்றப்பட்டன. இச்செய்திகள் நம்பிக்கை தந்தன. சில குடும்பங்களில் பொருந்தாத எதிர்பார்ப்பையும் வளர்த்தன. இது கடைசிக் கதவு. நுரையீரல் தானே மீளுமா என்று குறைந்தது சில வாரங்கள் பார்த்த பின்னரே, பிற உறுப்புகள் நலமாக உள்ளவர்களுக்கே இது பொருந்தும். அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் எதிர்ப்புத்தடுப்பு மருந்துகள் உண்டு. அந்த நுரையீரல் இன்னொரு வீட்டின் துயரத்திலிருந்து வருவது என்பதையும் மறத்தலாகாது. எனினும் தகுதியை ஆராய அனுப்புவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்பேன். ஆராய அனுப்புவது மாற்றிவிடுவதாகாது. மீண்டுவிட்டால் மகிழ்ச்சியோடு பெயரை நீக்கிக்கொள்ளலாம்.

இவ்வாறெல்லாம் எழுதினால் மக்கள் ஒவ்வோர் இருமலுக்கும் அஞ்சி ஓடிவருவார்களே என்று சக மருத்துவர் சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆகவே ஒரே ஓர் அளவுகோலைத் தருகிறேன்: திசையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை, அதே படிகளில் ஏறி, எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். எண்ணிக்கை மெல்லக் கூடுகிறதென்றால் அது காத்திருத்தல், பொறுமையாக இருங்கள். ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ குறையத் தொடங்கினாலோ, அது தாமதித்தலாக மாறிவிட்டது, உடனே வாருங்கள். மீண்டும் காய்ச்சல், மூச்சில் ஓசை, சளியில் இரத்தம், திடீர் மார்பு வலி, வழக்கத்தைவிடக் குறையும் ஆக்சிஜன் அளவு ஆகிய ஐந்திற்கும் படிக்கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

குறை எங்கள் பக்கமும் இருந்தது. அந்த ஆண்டுகளில் மீண்டவர்களைக் கைதட்டி வழியனுப்பினோம். அடுத்து எப்போது வரவேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னோம் என்று கூற முடியாது. எத்தனை நாள் குழாய் இருந்தது, எவ்வளவு ஸ்டீராய்டு தரப்பட்டது, மறுபரிசோதனை எந்நாள் என்ற மூன்றும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இது கொரோனாவுக்கு மட்டுமன்று. எந்த நிமோனியாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து திரும்புவோருக்கும் பொருந்தும். உங்கள் தாளில் அவை இல்லையெனில், கேட்டுப் பெறுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. அடுத்து உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவதும் அந்தத் தாள்தான்.