மணம் முறிந்தால் வரிசையில் இடமும் போக வேண்டுமா?

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவருக்குத் திடீரென வேலை போய்விட்டால், வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ அந்நாட்டு விதிகள் 60 நாள் வரை அவகாசம் தருகின்றன. அவரைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கும் அந்த அவகாசம் உண்டு. அதே மனைவிக்கு விவாகரத்து ஆனால் ஒருநாள்கூடக் கிடையாது. தீர்ப்பு இறுதியாகிற அன்றே அவருடைய ஹெச்-4 தகுதி முடிந்துவிடுகிறது; கையில் உள்ள அனுமதிச் சீட்டில் இன்னும் ஓராண்டு மிச்சமிருந்தாலும் பயனில்லை. ஹெச்-4 விசாவில் இருப்போரில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதத்திலிருந்து கிடைத்துவரும் வேலை அனுமதியும் அதோடு போகிறது. கணவர் இறந்துபோனால் நிலைமை வேறு. கணவருக்காக நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனுவில் மனைவியும் சேர்ந்திருந்து, அவர் அமெரிக்காவிலேயே வசித்துவந்தால், கணவரின் மறைவுக்குப் பிறகும் அந்த மனுவைத் தொடர 2009-ல் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. வேலை இழந்தவரின் மனைவிக்கும் கணவரை இழந்தவருக்கும் இடம் கொடுக்கிற சட்டம், மணம் முறிந்தவருக்கு மட்டும் கதவை அடைப்பதில் எந்த நியாயமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் குடிமகனை மணந்து வரும் பெண்ணுக்கு இதே சட்டம் காட்டும் முகம் வேறு. கிரீன் கார்டு கிடைக்கும்போது மணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருக்காவிட்டால், அவருக்கு இரண்டாண்டுக்கான நிபந்தனை அட்டைதான் தருவார்கள். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவைப் போட்டால் நிபந்தனை நீங்கும். இடையில் விவாகரத்து ஆகிவிட்டால் கணவரின் கையெழுத்து இல்லாமல் தனியாகவே மனுப் போடலாம். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, காப்பீடு என்று காட்டி, மணம் உண்மையாகவே நடந்தது என்று நிறுவினால் போதும். பத்தாண்டு அட்டை கைக்கு வந்தபின் விவாகரத்து அதைத் தொடுவதில்லை. குடியுரிமைக்குத்தான் சற்றுத் தாமதமாகும்: குடிமகனோடு சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்பு, பிரிந்துவிட்டால் மற்றவர்களைப் போல ஐந்து. குடியுரிமை வாங்கிய பிறகு, மோசடி நிரூபணமானால் ஒழிய, விவாகரத்தால் ஒன்றும் ஆகாது. மொத்தத்தில் இது நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

ஆனால் இந்த நியாயம் முதல் நாளே வந்துவிடவில்லை. நிபந்தனை அட்டை முறையைக் கொண்டுவந்தது 1986-ஆம் ஆண்டின் திருமண மோசடித் தடுப்புச் சட்டம். வெளிநாட்டவருடனான திருமணங்களில் 30 சதவீதம் பொய்த் திருமணங்கள் என்று குடிவரவுத் துறை நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்ன கணக்கு அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. அந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையே பழுதானது என்பது பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தது. முதலில் எழுதப்பட்ட சட்டத்தில், மனைவி தனியாக மனுப் போட வேண்டுமானால், விவாகரத்து கேட்டவர் அவராகவே இருக்க வேண்டும், அதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். கணவர் முந்திக்கொண்டு விவாகரத்து வாங்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். 1990-ல் அந்த விதியை நீக்கி, அடி உதைக்கு ஆளானவர்களுக்குத் தனி விலக்கும் சேர்த்தார்கள். மணம் எத்தனை நாள் நிலைத்தது என்பதல்ல, தாலி கட்டும்போது சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1975-லேயே பார்க் வழக்கில் சொல்லியிருந்தது. மனைவியின் சட்டத் தகுதியைக் கணவரின் கையில் விட்டுவைக்கக் கூடாது என்பதை அந்நாடு இப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. கற்ற பாடத்தை ஹெச்-4 வீடுகள் வரை கொண்டுபோகவில்லை என்பதுதான் குறை.

அந்த வீடுகள் பெரும்பாலும் நம்மவர்களுடையவை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டுக்காரர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு. இந்தியாவிலிருந்து போனவர்கள் வரிசையில் பத்தாண்டைத் தாண்டியும் நிற்பதற்கு இந்த இரண்டும் போதும். வரிசையில் நிற்பது கணவர் மட்டுமல்ல. மனைவிக்கும் குழந்தைக்கும் தரப்படும் அட்டைகளும் அதே 1,40,000-லிருந்துதான் கழிக்கப்படுகின்றன. எண்ணிக்கை என்று வரும்போது மனைவி ஓர் ஆள். உரிமை என்று வரும்போது கணவரின் நிழல். கிரீன் கார்டு கைக்கு வந்த மறுநாள் விவாகரத்து ஆனால் அட்டை அவருடையதே. முந்தைய நாள் ஆனால் பன்னிரண்டு வருடக் காத்திருப்பும் பூஜ்யம். அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. விவாகரத்துக்குப் பின் கணவர் மறுமணம் செய்துகொண்டால், போன மாதம் கழுத்தை நீட்டிய புது மனைவிக்குக் கணவரின் பழைய வரிசைத் தேதி அப்படியே கிடைக்கும். காத்திருந்தவர் ஒருத்தி, அட்டை வாங்குபவர் இன்னொருத்தி. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கே இப்படி ஆகும் என்று தோன்றியிருக்காது.

இந்தச் சட்டம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். வேலை அனுமதி இல்லாத ஹெச்-4 மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் பொதுவாகக் கிடைக்காது. அது இல்லாவிட்டால் கடன் தகுதிக் கணக்கு வளராது. தன் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாடு. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தின் ஆயுளும் விசாவின் ஆயுளும் ஒன்று. கிரீன் கார்டு மனுவை நடத்தும் வக்கீல் கணவரின் நிறுவனம் வைத்தவர். மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மனைவி கேட்டாலும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்ல. கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனவரானாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட வீட்டில் சண்டை வரும்போது ‘விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்’ என்ற ஒரு வாக்கியம் போதும், எதிர்ப்பேச்சு நின்றுபோகும். அந்த வாக்கியத்துக்கு பலத்தைக் கொடுப்பது கணவரின் குணம் அல்ல, சட்டம். ஹெச்-4 விசாவில் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கதிதான். பெரும்பான்மையோர் இந்தியப் பெண்கள் என்பதால் அவர்களை வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

கொடுமைக்கு உள்ளானவர்களுக்குத்தான் தனிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 1994-ல் தந்த ‘தானே மனுப் போடும்’ உரிமை, குடிமக்களின் மனைவியருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்போரின் மனைவியருக்கும்தான். ஹெச்-1பி ஊழியரின் மனைவி அதில் வரமாட்டார். கொடுமைக்கு உள்ளான ஹெச்-4 மனைவியருக்கு வேலை அனுமதி தரலாம் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதற்கான விண்ணப்பப் படிவம் வந்து சேர்ந்தது 2017-ல். வேலை அனுமதி தங்கும் உரிமை ஆகாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான யூ விசாவுக்கோ ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற வரம்பு. அங்கேயும் நீண்ட வரிசை. இதெல்லாம் போக, மணமுறிவுகள் எல்லாமே அடி உதையால் வருவதில்லை. ஒத்துப்போகாமல் கௌரவமாகப் பிரிய நினைக்கும் பெண், நாட்டில் தங்குவதற்காகத் தன்னைக் கொடுமைக்கு ஆளானவராக நிரூபித்தாக வேண்டும் என்பது எந்தத் தரப்புக்கும் நல்லதல்ல.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஹெச்-4 தற்காலிக விசா. சார்பு விசா என்று தெரிந்துதானே போனார், சார்ந்தவரோடு உறவு முடிந்தால் திரும்பி வருவதுதானே முறை என்பது. ஹெச்-1பிக்கு மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு என்று முதலில் வகுத்த கணக்குப்படி இது சரிதான். ஆனால் நிறுவனம் போடும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகாரமான பிறகு, கிரீன் கார்டு வரும்வரை திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொள்ள அனுமதிப்பதும் அதே சட்டம். பதினைந்து வருடம் நீளும் தற்காலிகத்தில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். கடைசி ஆறு மாதம் பிள்ளை வசித்த மாநிலத்தின் நீதிமன்றமே பராமரிப்பு உரிமையைத் தீர்மானிக்கும். பெரும்பாலும் அது, பிள்ளை இங்கேயே இருக்கட்டும், தாயும் தந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லும். குடிவரவுச் சட்டம் தாயை வெளியேறச் சொல்லும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கடத்தல் குற்றமாகலாம். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராத நாடு என்பதால், தாய் இந்தியாவுக்குப் போய்வரக் கேட்டாலே அமெரிக்க நீதிபதிகள் தயங்குகிறார்கள். அந்தப் பிள்ளை தாய்க்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போட 21 வயது ஆக வேண்டும். திரும்பி வருவதுதானே என்று கேட்பவர்கள் இதில் எதைச் செய்யச் சொல்கிறார்கள்?

ஊருக்கு வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி வெளிநாட்டில் ஒருதலைப்பட்சமாக வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்று நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. மனைவியைக் காக்க வந்த தீர்ப்பு அது. ஆனால் அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு அங்கத்திய மாநிலத்தின் தீர்ப்பே கணக்கு. அங்கே விசா போய்விட்டது, இங்கே இன்னும் மனைவி. வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா 2019-ல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. பாஸ்போர்ட் முடக்கம், இணையதளம் வழியாகச் சம்மன் என்று கணவரைப் பிடிப்பதற்கான வழிகள் அதில் இருந்தன. மனைவியின் விசா அந்த மசோதா எட்டக்கூடிய இடத்தில் இல்லை.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பொய்த் திருமணங்கள் பெருகும் என்ற அச்சத்துக்குக் கனடா பதில் வைத்திருக்கிறது. 2012 அக்டோபரில் அந்நாடும் அமெரிக்காவைப் பார்த்து இரண்டாண்டு நிபந்தனையைக் கொண்டுவந்தது: புதிதாக மணந்து, பிள்ளையும் இல்லாமல் வருபவர், ஸ்பான்சர் செய்தவரோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். கொடுமைக்கு விலக்கு எழுதியிருந்தும், கொடுமையில் இருந்தவர்கள் அந்தஸ்து போய்விடுமோ என்று அங்கேயே அடைபட்டுக் கிடந்தார்கள் என்ற புகார் தொடர்ந்தது. 2017 ஏப்ரலில் அரசே அதைக் கைவிட்டது. மோசடியைத் தடுக்க வேறு கருவிகளை வைத்துக்கொண்டது: மணம் மூலம் வந்தவர் ஐந்து ஆண்டுக்கு இன்னொரு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது, ஸ்பான்சர் செய்தவரின் மூன்றாண்டுப் பொருளாதாரப் பொறுப்பு விவாகரத்து ஆனாலும் தீராது. அமெரிக்காவிலும் பொய்த் திருமணத்துக்கு ஐந்தாண்டுச் சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. மனைவியைப் பராமரிப்பேன் என்று ஸ்பான்சர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி விவாகரத்துக்குப் பிறகும் அவரைக் கட்டுப்படுத்துகிறது. மணத்தைத் தாண்டிக் கடமை நீள முடியுமென்றால், உரிமை நீள்வதில் என்ன தடை?

கேட்பது பெரிதல்ல. ஐ-140 அங்கீகாரமாகி, அதன்பின் இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்த துணைக்கு, விவாகரத்துக்குப் பின் அதே வரிசைத் தேதியில் தனி இடமும், அதுவரை தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதியும் தேவை. இதனால் வரிசை நீளுமே என்றால், அவர் ஏற்கெனவே எண்ணப்பட்டவர். கணவர் மறுமணம் செய்துகொண்டால் மட்டும் ஓர் எண் கூடும் என்பது உண்மை. அதைப் புது மனைவி ஏற்கட்டும், பழைய மனைவியின் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் இதை நாளைக்கே செய்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. குறைந்தபட்சம் வேலை இழந்தவருக்குத் தரும் 60 நாளை விவாகரத்து ஆனவருக்கும் நீட்டிக்கக் குடிவரவுத் துறையின் விதித் திருத்தமே போதும்.

டெல்லி இதைக் கேட்க வேண்டுமானால் முதலில் தன் சட்டத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. இந்தியரை மணந்து, மணம் பதிவாகி இரண்டாண்டு நிறைந்த வெளிநாட்டவருக்கு ஓசிஐ எனப்படும் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை தருகிறோம். நீதிமன்றம் அந்த மணத்தைக் கலைத்துவிட்டால் அட்டையை ரத்து செய்யலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு. இருபது வருடம் சென்னையில் குடும்பம் நடத்தியவர், இந்தியக் குடிமக்களான பிள்ளைகளின் தாய் என்றெல்லாம் அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இத்தனை ஆண்டுக்குப் பின் கைவைக்கக் கூடாது என்ற வரம்பும் அதில் இல்லை. ஹெச்-1பி கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் பற்றி வாஷிங்டனோடு பேசும்போதெல்லாம் நம் அதிகாரிகள் எடுத்துச்செல்லும் கோரிக்கைப் பட்டியலில் ஹெச்-4 மனைவியின் விவாகரத்தும் இடம்பெற வேண்டும். 7டி பிரிவில் அந்த வரம்பை எழுதிவிட்டுப் போனால் அமெரிக்கத் தரப்பு திருப்பிக் கேட்க ஒன்றும் இருக்காது.