எலிக்கு வந்த போன் கால்!

வீட்ல அக்காவோ அண்ணியோ மாசமா இருந்தா, பெரியவங்க போடுற முதல் ஆர்டர் என்ன? ‘அந்த செல்லைத் தூரப் போடு!’ நாமளும் கலாய்ச்சுட்டுப் போயிடுவோம். கலாய்க்கிறதுக்கு முன்னாடி, கொஞ்சம் லேப் பக்கம் எட்டிப் பார்ப்போமா?

2012-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துல டாக்டர் ஹ்யூ டெய்லர் டீம் ஒரு வேலை பண்ணாங்க. சினையா இருந்த சுண்டெலிகளோட கூண்டு மேல செல்போனை வெச்சு, மியூட் பண்ணி, காலை ஓடவிட்டாங்க. இன்னொரு குரூப்புக்கு ஆஃப் பண்ணின போன். குட்டிங்க வளர்ந்ததும் டெஸ்ட் வெச்சா... கால் ஓடின கூண்டுக் குட்டிங்களுக்குத் துறுதுறுப்பு ஜாஸ்தி, ஞாபகசக்தி கம்மி!

உடனே பதறாதீங்க பாஸ். சுண்டெலியோட கர்ப்பம் மூணு வாரத்துக்குள்ள முடிஞ்சுடும். அது உள்ளங்கையில அடங்குற உருவம். கதிர்வீச்சு மொத்த உடம்பையும் தொடும். நம்ம அம்மாக்களுக்கு போன் இருக்கிறது காதுல, பாப்பா இருக்கிறது வயித்துல. நடுவுல அவ்வளவு தூரம்!

சரி, மனுஷங்களை வெச்சுப் பார்த்தாங்களா? பார்த்தாங்க. 2008-ல் வந்த டென்மார்க் ஆய்வு, கர்ப்ப காலத்துல செல் பேசின அம்மாக்களோட குழந்தைகள்கிட்ட நடத்தைப் பிரச்னைகள் கூடுதலா இருக்குன்னு சொல்லுச்சு. 2017-ல் நார்வேயில 45,389 அம்மா-குழந்தை ஜோடிகளை அலசினா, ரிசல்ட் தலைகீழ்! செல் பேசின அம்மாக்களோட மூணு வயசுக் குட்டீஸுக்குப் பேச்சுத்திறன் குறையுற வாய்ப்பு கொஞ்சம் கம்மி. அதுக்காக ‘செல் பேசினா பாப்பா நல்லா பேசும்’னு கிளம்பிடாதீங்க. அதிகம் பேசுற அம்மா, வீட்லயும் குழந்தைகிட்ட அதிகம் பேசலாம் இல்லையா? எது கதிர்வீச்சோட வேலை, எது அம்மாவோட வேலைன்னு பிரிக்கிறதுதான் இங்கே பெரிய சிக்கல்.

ஆக, ஆபத்துன்னும் நிரூபணமாகலை. கேஸும் இன்னும் மூடலை. அதுவரை காசு செலவில்லாத மூணு விஷயம்: ஸ்பீக்கர்லயோ இயர்போன்லயோ பேசுங்க. அப்போ போனை மடியில வைக்காம மேஜையில வைங்க. சிக்னல் வீக்கா இருக்கிற லிஃப்ட், பேஸ்மென்ட்ல கட் பண்ணிடுங்க. அங்கேதான் போன் முழு பவர்ல கத்தும்.

அடுத்து யாராவது ‘செல் பேசினா குழந்தைக்கு மூளை போயிடும்’னு மெசேஜ் அனுப்பினா, மாசமா இருக்கிற அக்காவுக்கு ஃபார்வேர்டு பண்ணாதீங்க. அவங்களுக்குத் தேவை பயம் இல்லை, ஒரு இயர்போன். அதை வாங்கிக் கொடுங்க மக்கா!