தெளிவான சத்தம், யாருடைய காசில்?

"இனி ஆர் எப்எம் கேக்கிறது? அப்பில போடுங்கோ, சத்தம் நல்ல கிளீனா இருக்கும்." இந்த வசனம் இப்போது எல்லா இடமும் கேட்கிறது. வானொலி நிலையங்களின் விளம்பரத்தில், போன் கடையில், எங்கள் நண்பர்கள் வாயில். டிஜிட்டல் என்றால் தெளிவு, எப்எம் என்றால் இரைச்சல், பழையது போகட்டும், அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையில் இரண்டு பிழை இருக்கிறது. டிஜிட்டல் என்றாலே நல்ல சத்தம் என்பது முதலாவது. அது அறியாமை, விளங்கப்படுத்தினால் போய்விடும். சத்தத்தைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் காதுக்கு வந்து சேரும் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதை மறைப்பது இரண்டாவது. எங்களுக்குக் கோபம் வருவது அதில்தான்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம்.

எப்எம் ஸ்டீரியோ 15,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைக் கொண்டுவரும். சிக்னல் பலமாக இருந்து, ஏரியலும் ஒழுங்காக இருந்தால், அதில் பாட்டுக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. சிக்னல் பலவீனமாகும்போதுதான் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும், அதுவும் ஸ்டீரியோவில்தான் மோசம். ரேடியோவை மோனோவுக்கு மாற்றினால் இரைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமலே கனபேர் எப்எம்மைத் திட்டுகிறார்கள்.

டிஜிட்டலில் சத்தத்தை எண்களாக்கி, சுருக்கி அனுப்புகிறார்கள். ஒரு செக்கனுக்கு எத்தனை கிலோபிட், எந்தச் சுருக்கல் முறை என்பதில்தான் தரம் தங்கியிருக்கிறது. 'டிஜிட்டல்' என்ற சொல்லில் தரம் இல்லை. இதற்கு நல்ல சாட்சி பிரித்தானியா. பிபிசி அங்கே 1995இல் டிஏபி ஒலிபரப்பைத் தொடங்கியது. டிஏபி என்பது இணையம் இல்லாமல், ஏரியல் வழியாகவே வரும் டிஜிட்டல் வானொலி. ஒரே அலைவரிசைத் தொகுதிக்குள் பல நிலையங்கள் இடத்தைப் பங்குபோட வேண்டும். நிலையங்கள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பிட் குறைந்தது. எம்பி2 என்ற பழைய சுருக்கல் முறையில் பல நிலையங்கள் 128 கிலோபிட்டுக்கு இறங்கின, சில மோனோவுக்கே போய்விட்டன. இதைவிட எப்எம் நல்லது என்று அங்கே உள்ள இசை ரசிகர்கள் பல வருடமாகச் சண்டை பிடித்தார்கள். பிறகு டிஏபி பிளஸ் வந்தது. அதே பிட்டில் கூடுதல் தரம் தரக்கூடிய முறை அது. மிச்சம் பிடித்த இடத்தில் என்ன செய்தார்கள்? இன்னும் நிலையங்களை ஏற்றினார்கள். தொழில்நுட்பம் முன்னேறியது, காதுக்கு வந்தது அப்படியேதான்.

இணைய வானொலியிலும் இதே கதைதான். பிரித்தானியாவுக்குள் பிபிசியை 320 கிலோபிட் வரை இணையத்தில் கேட்கலாம், அது உண்மையிலேயே அருமையான சத்தம். அதை உதாரணம் காட்டி எங்கட தமிழ் இணைய வானொலிகளையும் 'கிறிஸ்டல் கிளியர்' என்று சொன்னால் எப்படி? யூடியூப்பில் இருந்து இறக்கிய பாட்டு ஏற்கெனவே ஒருதரம் சுருக்கப்பட்டது. நிலையம் அதை 64 கிலோபிட்டுக்கு இன்னொருதரம் சுருக்குகிறது. கேட்பவரின் புளூடூத் ஸ்பீக்கர் மூன்றாம் தரம் சுருக்குகிறது. மூன்றாம் பாலில் கறி வைத்துவிட்டு முதற்பால் என்று பரிமாறுவது மாதிரித்தான் இது. இரைச்சல் இல்லை என்பது சரி. சத்தத்தில் உயிரும் இல்லையே!

இனி சிக்னல் பிடிபடுவதைப் பார்ப்போம்.

எப்எம் மெல்ல மெல்லத்தான் சாகும். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வழியாக பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகும்போது ஒரு நிலையம் தூரமாகத் தூரமாக இரைச்சல் கூடும். ஆனால் செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று கனநேரம் விளங்கிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. விளிம்பு வரைக்கும் அருமையாக வரும், விளிம்பு தாண்டினால் ஒன்றும் இல்லை. டிஏபி என்றால் தண்ணிக்குள் இருந்து கதைப்பது போல கொஞ்சம் கொப்பளித்துவிட்டு நின்றுவிடும். போனில் என்றால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கிரிக்கெட் கேட்பவர்களுக்கு இன்னொரு துன்பம்: இணைய ஒலிபரப்பு அரை நிமிடம்வரை பிந்தி வரும். பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் இங்கே விக்கெட் விழும்.

டிஏபிக்கு நியாயமான பெருமைகளும் உண்டு. நாடு முழுக்க ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பலாம், ஓடும் வாகனத்தில் நிலையத்தைத் திரும்பத் திரும்பத் தேடத் தேவையில்லை, கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் அலைகளால் எப்எம் போலக் குழம்பாது. மத்திய அலையில் இயங்கும் டிஆர்எம் முறைக்கும் பெருமை உண்டு. சுமார் 20 கிலோபிட்டிலேயே பழைய மத்திய அலையைவிடப் பல மடங்கு தெளிவு, ஒரே கோபுரத்தில் மிகப் பெரிய பரப்பளவு. இந்தியாவில் அகில இந்திய வானொலி 30க்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களை இந்த முறைக்கு மாற்றியது. ஆனால் அதைப் பிடிக்கும் ரேடியோப் பெட்டி சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. புதுக் கார்கள் சிலவற்றில்தான் இருக்கிறது. கோபுரம் கதைக்கிறது, கேட்கப் பெட்டி இல்லை.

இலங்கையில் இந்தத் தெரிவுகள் எதுவும் எங்கள் முன்னால் இல்லை. இங்கே டிஜிட்டல் வானொலி என்றால் நடைமுறையில் போனும் டேற்றாவும்தான். அதனால்தான் காசுக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

128 கிலோபிட் ஒலிபரப்பை ஒரு மணித்தியாலம் கேட்டால் 57.6 மெகாபைட் போகும். நாளுக்கு நாலு மணித்தியாலம் கேட்டால் மாதத்துக்கு கிட்டத்தட்ட 7 ஜிபி. தையல் கடையில், சலூனில், ஓட்டோவில், சமையல் கட்டில் ரேடியோ நாள் முழுக்கத்தான் பாடும். பத்து மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 17 ஜிபி தாண்டும். அதே பாட்டு எப்எம்மில் என்றால் இரண்டு பற்றரி போதும்.

இந்த வித்தியாசம் தற்செயலானது இல்லை. எப்எம்மில் ஒலிபரப்பும் செலவு கோபுரம் வைத்திருப்பவருடையது. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்தின் மின்சாரக் கட்டணம் ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஒரு ஓடை போக வேண்டும், அந்த ஓடைக்குக் கேட்பவர் ரீலோட் போட வேண்டும். விளம்பரத்தையும் எங்களுக்கே போட்டு, அந்த விளம்பரம் வந்துசேரும் காசையும் எங்களிடமே வாங்குகிறார்கள். பிறகு அதற்குப் பெயர் முன்னேற்றம்!

"நோர்வே எப்எம்மை மூடினதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். மூடியது, 2017இல், தேசிய நிலையங்களுக்கு. ஆனால் அதற்கு முதல் மக்கள் கிட்டத்தட்ட எல்லோரையும் எட்டும் டிஏபி வலையமைப்பைக் கட்டி முடித்தார்கள். உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல எப்எம்மிலேயே தொடர்ந்தன. அங்கே இலவச ஒலிபரப்பின் இடத்துக்கு இன்னொரு இலவச ஒலிபரப்பு வந்தது. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவோடு எப்எம்மை நிறுத்தியது. டிஏபி அங்கே நன்றாகப் பரவியிருந்தும் கேட்போர் தொகை விழுந்தது. சூரிச்சிலும் பேர்னிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கோ, பழைய காரில் இப்போது என்ன பாடுகிறது என்று. பணக்கார நாட்டிலேயே அந்த நிலை என்றால், மாற்று ஒன்றையும் கட்டாமல் 'அப்பில் கேளுங்கோ' என்று சொல்லும் எங்கட நிலையை என்னவென்று சொல்வது?

காசு மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. போர் எங்கே வருகிறது, நாளைக்கு எந்தப் பக்கம் போவது என்பதை அப்படித்தான் அறிந்தார்கள். சத்தம் எத்தனை கிலோபிட் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. அலை வானத்தில் இருந்தது, அதைப் பிடிக்க ஒரு கம்பித்துண்டு காணும். அந்த அலையை யார் பிடிக்கிறார்கள் என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி வசனத்தைக் கொஞ்சம் யோசியுங்கோ. யார் கேட்கிறார்கள் என்று எப்எம்முக்குத் தெரியாது. செயலிக்குத் தெரியும்: எந்தப் போன், எந்த இடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். எங்கட நாட்டில், எங்கட வரலாற்றோடு, இது சின்ன விஷயமா?

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் போராட்டத்தின்போதும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் மட்டும் ஒலிபரப்பும் ஒரு வானொலிக்கு அந்த நாட்களில் என்ன நடக்கும்? அதே 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. போன் கோபுரங்களின் பற்றரியும் மனிதர் செய்ததுதானே, எவ்வளவு நேரம் தாங்கும்? 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகம் முதல் வடக்குக் கிழக்கு வரை பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. வெள்ளம் வருகிறது, எழும்பு என்று தமிழில் சொல்ல ஒரு குரல் வேண்டிய நேரம் அதுதான்.

இணையத்துக்கு மாறும்போது யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறோம். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது. சேவை இணையத்தில் தொடர்கிறது, நாங்களும் வாசிக்கிறோம். சிற்றலை ரேடியோவோடு இருந்த கிழவன் கிழவிகளும் லயத்து வீடுகளும் அந்தத் திகதியோடு கணக்கில் இருந்து விடுபட்டார்கள். 2025இல் பிபிசி சவுண்ட்ஸ் செயலி பிரித்தானியாவுக்கு வெளியே மூடப்பட்டது. ஒரு முடிவு எடுத்தால் செயலி மூடும். வானலையை எல்லையில் நிறுத்துவது அவ்வளவு சுகம் இல்லை.

நாங்கள் இணைய வானொலிக்கு எதிரி இல்லை. கனடாவில் இருக்கும் பிள்ளை ஊர் வானொலியைக் கேட்பது அதால்தான். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

நிலையங்களே, எப்எம் பிடிபடாத ஊர்களை முதலில் எட்டுங்கோ, செயலிக்கு விளம்பரம் பிறகு போடலாம். இணையத்தில் இரண்டு ஓடை வையுங்கோ: நல்ல சத்தத்துக்கு ஒன்று, 48 கிலோபிட்டில் சிக்கனமாக ஒன்று. புதிய ஏஏசி முறையில் 48 கிலோபிட்டே பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும், மணித்தியாலத்துக்கு 22 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். எத்தனை கிலோபிட் என்று வெளிப்படையாகப் போடுங்கோ.

அலைவரிசை வழங்கும் ஆணைக்குழுவே, டிஜிட்டலுக்குப் போவதென்றால் டிஏபியோ டிஆர்எம்மோ, இலவசமாகக் காற்றில் வருவதாக இருக்கட்டும். மலிவான பெட்டி சந்தைக்கு வரும்வரை எப்எம்மில் கை வைக்க வேண்டாம்.

நண்பர்களே, அடுத்த போன் வாங்கும்போது கமராவைக் கேட்பதற்கு முதல், எப்எம் இருக்கா என்று கேளுங்கோ. இயர்போன் வயரே அதற்கு ஏரியல், அதனால் அந்த ஓட்டையும் இருக்கா என்று பாருங்கோ. வீட்டில் பற்றரியில் பாடும் ஒரு சின்ன ரேடியோ இருக்கட்டும். பிறகு ஆராவது வந்து 'அப்பில கிளீனா இருக்கும்' என்று சொன்னால், கரண்டும் ரவரும் போன இரவில் எப்படி இருக்கும் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கோ.