மூர் என்றால் யார்?



நம் பிறப்புப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்றிருக்கும், ஆங்கிலத்தில் ‘மூர்’. அதை வாசித்துப் பார்க்காமலே மடித்து அலுமாரியில் வைத்துவிடுகிறோம். போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை அகராதியைப் புரட்டிவிட்டு, “சேர், மூர் என்றால் பற்றைக்காடாம், கப்பலைக் கட்டுறதாம். நாங்க இதில எது?” என்று கேட்டது.

சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி.

அவை வேறு சொற்கள். நமது ‘மூர்’ இலத்தீன் ‘மௌருஸ்’ வழி வந்தது. இன்றைய மொரோக்கோ, அல்ஜீரியா பக்கத்து மக்களை ரோமர் அப்படி அழைத்தார்கள். 711இல் அங்கிருந்து முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் போனார்கள். அதன்பின் ஐரோப்பியருக்கு முஸ்லிம் என்றாலே மூர். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவும் மூர்தான். 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயர், துறைமுகங்களில் வணிகம் செய்த நம்மவர்களைக் கண்டதும் தமக்குத் தெரிந்த பெயரையே சூட்டினார்கள். பிறகு ஆங்கிலேயர் அதைப் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

ஆங்கிலப் பேச்சில் அந்தச் சொல் பழசாகிவிட்டது. நம் பத்திரங்களில் இன்னும் இருக்கிறது.

“உங்கட பேரே வெளிநாடுதானே” என்று யாராவது குத்திக் காட்டினால் பிள்ளைகள் தலைகுனியத் தேவையில்லை. நம்மிலும் சிலர் இந்தப் பெயரைக் காட்டி மொரோக்கோப் பரம்பரை பேசத் தேவையில்லை. பெயர் வந்த வழி வேறு, நாம் வந்த வழி வேறு.

இதை நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம், வேறு யாரும் பிழையாகச் சொல்லிக் கொடுக்க முன்.