ஒயினுக்கு இல்லாத தீட்டு

கலிபோர்னியாவில் மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, சனி ஞாயிறுகளில் தமிழர் வீட்டுப் பேக்யார்டுகளில் கூட்டம் கூடும். முன்பெல்லாம் ஆண்கள் பக்கம் பீர் நிரப்பிய ஐஸ் பெட்டியும் பெண்கள் பக்கம் மாம்பழ ஜூஸும் இருக்கும். இப்போது மேசை நடுவே பெரிய கண்ணாடி ஜாடியில் வெள்ளை ஒயின் சங்ரியா நிற்கிறது. பீச் துண்டுகளும் ஆரஞ்சு வட்டங்களும் மிதக்க, எல்லோரும் ஒரே கரண்டியால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஜாடியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். "ஒண்ணா உக்காந்து குடிக்கிறோம், இதுல எங்க ப்ரோ சாதி?"

சரி, ஜாடியையே விசாரிப்போம்.

முதலில் செய்முறை. சங்ரியாவை நான் ரசித்துச் செய்வேன், அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பத்துப் பேருக்கு 750 மில்லி பாட்டில் இரண்டு போதும். பினோ கிரிஜியோ, சோவிஞான் பிளாங்க், ஸ்பெயினின் அல்பரீன்யோ என்று இனிப்பில்லாமல் சற்றுப் புளிப்புத் தூக்கலாக இருக்கும் ஒயின் வேண்டும். ஓக் பீப்பாயில் கிடந்த ஷார்டனே வேண்டாம், மர வாசனை பழத்தை அமுக்கிவிடும். விலை உயர்ந்த பாட்டிலும் வேண்டாம். சாதாரண ஒயினைப் பழத்தோடு சேர்த்துத் தேற்றுவதற்கென்றே இருக்கும் பானம் இது. இரண்டு பீச், ஒரு நெக்டரின், ஒரு பச்சை ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. பீச் கையில் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், குழையக் கூடாது. நறுக்கிய பழத்தில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கால் கப் பிராந்தியும் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்தின் சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும். அதன் பிறகு ஒயினை ஊற்றி நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். ராத்திரி முழுக்க விடுவதாக இருந்தால் எலுமிச்சையைத் தோல் சீவிப் போடுங்கள், இல்லையென்றால் கசப்பு இறங்கும். ஸ்ட்ராபெர்ரியைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் சேர்த்தால் வெளுத்துத் துணி மாதிரி ஆகிவிடும். சோடாவைப் பரிமாறும்போது மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் கிளாஸில் போடுவதற்கு, ஜாடியில் போடுவதற்கு அல்ல. இந்தக் கடைசி விதியை நம் ஆட்கள் யாரும் மதிப்பதில்லை. மூன்றாவது ரவுண்டில் எல்லோரும் பழம் போட்ட தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் இதன் தாய்நாடுகள். பெயர், ரத்தத்தைக் குறிக்கும் 'சங்க்ரே' என்ற ஸ்பானியச் சொல்லின் உறவு. மூலப் பானம் சிவப்பு ஒயினில் செய்தது என்பதால். அமெரிக்காவில் இது பரவலாக அறிமுகமானது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்கில். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தயாரித்ததை மட்டுமே சங்ரியா என்ற பெயரில் விற்கலாம் என்று சட்டமே போட்டுவிட்டது. அங்கே குடியானவர்கள் பானத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. நம் ஊர்க் கள்ளுக்கு 1987 முதல் சட்டப்படி தடை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மீன் கதை.

புதிதாகப் புளித்த வெள்ளை ஒயின் கலங்கலாக இருக்கும். நாம் கடையில் பார்க்கும் கண்ணாடி போன்ற தெளிவு தானாக வருவதில்லை. கலங்கலைப் பிடித்து அடியில் படியவைக்க ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணைச் சேர்க்கலாம். பாலின் கேசின் புரதம் சேர்க்கலாம். விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டின் சேர்க்கலாம். மீனின் காற்றுப்பையை உலர்த்தித் தயாரிக்கும் ஐசிங்கிளாஸ் சேர்க்கலாம். வெள்ளை ஒயினைத் தெளியவைக்க ஐசிங்கிளாஸ் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கலங்கலோடு சேர்ந்து அதுவும் படிந்துவிடும், பிறகு வடித்துவிடுவார்கள், கிளாஸில் மீன் நீந்தாது. ஆனால் எந்த ஒயின் எதனால் தெளிந்தது என்று அமெரிக்காவில் லேபிளில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 'வீகன்' என்று போட்டிருந்தால் ஒழிய, கையில் இருக்கும் கிளாஸ் களிமண் வழியாக வந்ததா மீன் வழியாக வந்ததா என்று குடிப்பவருக்குத் தெரியாது.

'ப்யூர் வெஜ்' குடும்பங்களில் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள். "அதெல்லாம் பார்த்தா முடியுமா?" என்பார்கள். ஒருவர்கூடக் கிளாஸைக் கீழே வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த "பார்த்தா முடியுமா" என்ற பெருந்தன்மை எதற்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

போன கோடையில் ஒரு வீட்டில் பாட்லக். ஆளுக்கு ஒரு பதார்த்தம். நண்பர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து மாட்டுக்கறி வறுவல் செய்து கொண்டுவந்தார். சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டு, அவர் அம்மா செய்கிற மாதிரியே சுருளச் சுருள வதக்கியது. வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் மரியாதையாக வாங்கினார். வாங்கியதைக் கொண்டுபோய்க் கராஜில் வாஷிங் மெஷின் மேல் வைத்து அலுமினியத் தாள் போட்டு மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ. சிலருக்கு ஸ்மெல் ஒத்துக்காது. வேணும்ங்கறவங்க அங்க போய் எடுத்துக்கட்டும்." மேசையில் சிக்கன் இருந்தது. மீன் வறுவல் இருந்தது, அதன் வாசனை தெருமுனை வரை அடித்தது. சங்ரியா ஜாடி மூன்று முறை நிரம்பிக் காலியானது. நாங்கள் ஐந்து பேர் கராஜில், பழைய டயர்களுக்கும் குழந்தைகளின் சைக்கிள்களுக்கும் நடுவே நின்றுகொண்டு சாப்பிட்டோம். அந்த நண்பர் அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. கேட்டால் வேலை அதிகம் என்கிறார்.

தோழர்களே, தூய்மை என்பது கொள்கையாக இருந்தால் மதுவும் மீனும் அந்த மேசைக்கு வந்திருக்க முடியாது. சாத்திரப்படி பார்த்தால் மதுதான் முதலில் கராஜுக்குப் போயிருக்க வேண்டும். அது போகவில்லை. ஏனென்றால் ஒயின் வெள்ளைக்காரன் மேசையிலிருந்து வருகிறது, அதைக் குடித்தால் அந்தஸ்து ஏறும். மாட்டுக்கறியும் அதே வெள்ளைக்காரன் மேசையில் இருக்கிறது. அலுவலக மதிய உணவில் பக்கத்து நாற்காலிக்காரர் பர்கர் தின்றால் யாருக்கும் மூக்கு அரிப்பதில்லை. அந்தக் கறியை ஒரு தமிழர் மிளகாய் மல்லி போட்டு வதக்கிக் கொண்டுவரும்போது மட்டும் வாசனை வந்துவிடுகிறது. மூக்கு மோப்பம் பிடித்தது கறியை அல்ல, கொண்டுவந்தவரின் சேரியை.

கள்ளுக்கும் இதே கதைதான். புளித்த கள்ளில் ஆல்கஹால் ஏறக்குறைய 4, 5 சதவீதம். பாட்டில் ஒயினில் 12, 13. பிராந்தி சேர்த்துச் சோடா கலந்த பிறகும் என் ஜாடியில் கள்ளைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் ஊரில் கள் குடித்தவர் 'குடிகாரன்', இங்கே சங்ரியா குடிப்பவர் 'சோஷியல் ட்ரிங்கர்'. பனையேறிக் கள் இறக்கிய மக்களைத் தீட்டு என்று கோயிலுக்கு வெளியே நிறுத்திய ஊர் நம்முடையது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. (அந்தச் சமூகத்தில் இன்று தலித்துகளுக்குக் கதவடைப்பவர்கள் இதைத் திரும்பப் படிக்கலாம்.) 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அந்த வாரம் எங்கள் வாட்ஸாப் குழுக்களில் "குடிச்சவனுக்கு எதுக்கு நிவாரணம்" என்று எழுதியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் கிளாஸ் இருக்கும் படங்களும் அதே குழுவில்தான் கிடக்கின்றன.

இனி ஜாடியில் மிதக்கும் பீச்சுக்கு வருவோம். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், ஃபிரஸ்னோவைச் சுற்றிப் பீச்சும் நெக்டரினும் திராட்சையும் விளைகின்றன. பழம் பறிக்கும் மாதங்களில் அங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். வெளியில் வேலை செய்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் தர வேண்டும் என்று மாநிலம் விதி போட்டது 2005இல். மூன்று வருடம் கழித்து, 2008 மே மாதம், ஸ்டாக்டன் அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த 17 வயதுக் கர்ப்பிணிப் பெண் வெயில் தாக்கி இறந்தாள்.

இதே பள்ளத்தாக்கில் நமக்கு வேண்டிய ஒருவர் பழம் பறித்திருக்கிறார். பஞ்சாபின் முகோவால் கிராமத்தில் தோல் தொழில் செய்த தலித் குடும்பத்தில் பிறந்த மங்கூ ராம், 1909இல் கலிபோர்னியா வந்தார். ஊர்ப் பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர் அவர். இங்கே பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்தார், கதர் கட்சியில் சேர்ந்தார். 1925இல் ஊர் திரும்பினார். போன இடத்தில் சாதி அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டே ஆதி தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் மதம் ஆதி தர்மம் என்று பதிவு செய்தார்கள். அவர் வேலை பார்த்த பள்ளத்தாக்கின் நகரமான ஃபிரஸ்னோ, 2023 செப்டம்பரில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் சியாட்டிலுக்கு அடுத்த இரண்டாவது நகரம் அதுதான். அதற்கு அடுத்த மாதமே, மாநிலம் முழுமைக்கும் வந்த எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். அது சட்டமாகியிருந்தாலும் வேலையிடம், வாடகை வீடு போன்ற இடங்களுக்குத்தான் வந்திருக்கும், கராஜுக்கு வந்திருக்காது. கராஜுக்கு நாம்தான் போக வேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கின் டெலானோவில் 1965 செப்டம்பரில் பிலிப்பினோ திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் மெக்சிக்கத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். ஒரு கூட்டத்தின் போராட்டத்தை இன்னொரு கூட்டத்தைக் கொண்டு முறிப்பது முதலாளிகளின் பழைய வழக்கம். இந்த முறை இருவரும் பிலிப்பினோ மன்றத்தில் ஒரே சமையற்கட்டில் ஆக்கி ஒன்றாகத் தின்றார்கள். 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்றாகத் தின்றால் சாதி போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. சமபந்தி மட்டும் சாதியைக் கொல்லாது, சாதி மறுப்புத் திருமணமே மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதிவிட்டார். அதை மேற்கோள் காட்டிச் சாப்பாட்டு அரசியலைக் கேலி செய்யும் அறிவாளிகளும் எங்கள் பேக்யார்டுகளில் உண்டு. போதாது என்று அவர் சொன்ன அந்த முதல் படியையே இன்னும் ஏறாதவர்களுக்கு அடுத்த படியைப் பற்றி என்ன அக்கறை? அவர்கள் பிள்ளைக்கு வரன் தேடும் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் வீட்டுக் கூட்டத்துக்குச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறேன். மேசை ஒன்றே ஒன்று. மாட்டுக்கறி வறுவலுக்கு இடம் ஜாடிக்குப் பக்கத்தில், மூடி இல்லாமல். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிக் கரண்டி உண்டு, தனி மேசை கிடையாது. பழம் நறுக்குவது ஆண்கள் வேலை. பெண் தோழர்கள் அடுக்களையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க, வெளியே நாம் பெண் விடுதலை பேசிய கூட்டங்களை நிறையப் பார்த்தாயிற்று. இன்னொன்று முக்கியம்: இரண்டாவது ஜாடி. அப்பனின் குடியில் அம்மா அடிவாங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் தோழர்களில் பலர். அவர்கள் குடிக்காமல் இருப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அம்பேத்கரும் குடிக்காதவர்தான். வெள்ளைத் திராட்சைச் சாறு, எலுமிச்சை, தட்டிய இஞ்சி, புதினா, பிராந்தி படாத அதே பழங்கள், கடைசியில் சோடா. அதே அளவு ஜாடி, அதே கண்ணாடிக் கிளாஸ். பிளாஸ்டிக் தம்ளரில் 'குழந்தைகள் ஜூஸ்' என்று ஓரமாக வைப்பதெல்லாம் நம்மிடம் இருக்கக் கூடாது. இரட்டைக் குவளையை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம்.

மேசையை இப்படி மாற்றிய முதல் இரண்டு முறை மூன்று குடும்பங்கள் வரவில்லை. ஒருவர் போனில் "நீங்க வேணும்னே பண்றீங்க" என்றார். ஆமாம் என்றேன். இந்த ஜூனில் அதில் ஒரு குடும்பம் வந்தது. வறுவலைத் தொடவில்லை, தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போகவும் இல்லை. அவர்களுடைய பதினாறு வயது மகள் இரண்டாவது ஜாடியைக் காலி செய்துவிட்டு, அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.