‘தவறான பயன்பாடு’ என்றால் எது?

ராயபுரத்தில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, சேர்க்கை நாளில் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறது. கணினியையும் இணையத்தையும் தவறாகப் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழியும் அவற்றில் இருக்கலாம். எது தவறு என்று விளக்கிச் சொல்வார் யார்?

அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடுவது, பெண்களின் படங்களைப் பரப்புவது, மதிப்பெண் பதிவைத் திருத்துவது எல்லாம் குற்றங்கள். தண்டிக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் ‘தவறான பயன்பாடு’ என்ற சொல் அதோடு நிற்பதில்லை.

2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. யாரோ பெயர் போடாமல் மத்திய அமைச்சகத்துக்கு எழுதிய புகாரில்தான் தொடங்கியது. ‘சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள்’ என்று மின்னஞ்சல் வந்தது. எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தியது விதிமீறல் என்றது நிர்வாகம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

அதே ஆண்டு மார்ச்சில்தான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதன் சொற்கள் தெளிவற்றவை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. சட்டத்துக்கு ஆகாத தெளிவின்மை கல்லூரி விதிக்கு மட்டும் ஆகுமா?

கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் 10 மணி வரை மாணவிகள் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தார்கள். மறுத்த மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

கல்லூரி இணையத்தைத் துண்டித்தால் வசதியுள்ள பிள்ளைக்கு வீட்டில் வைஃபை இருக்கும். நம் பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பமே நின்றுபோகும். ஒரே தண்டனை இருவருக்கும் ஒன்றாக விழுவதில்லை.

எனவே விதிகளைத் தமிழிலும் கொடுங்கள். எது குற்றம், என்ன தண்டனை என்று எழுதுங்கள். நடவடிக்கைக்கு முன் மாணவரைக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். விசாரணைக் குழுவில் பட்டியலினப் பேராசிரியர் ஒருவராவது இருக்கட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதையும் அந்தக் குற்றப் பட்டியலில் சேருங்கள்.

மாணவர்களே, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.